பத்தொன்பதாம் கொக்கி

கடலுக்கு முப்பதடி தூரத்தில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்து வேலை பார்க்கிறவள் கொக்கி அக்கா. முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. அவள் கையால் மிதவை ஜாக்கெட் மாட்டிக்கொண்டு கடலுக்குள் இருக்கும் பறவைப் பாறைக்குப் போய்வந்தவர்களை நிற்க வைத்தால் இந்தக் கடற்கரை போதாது. அவள் மட்டும் ஒரு தடவைகூடப் படகில் ஏறவில்லை. ஏன் என்று கேட்டால், "பந்தி பரிமாறுறவ முதல்ல உக்காரலாமா?" என்பாள்.

தண்ணீர் லாரி வந்தால்தான் குளியல் என்கிற ஊரில் பிறந்தவள். கல்யாணமாகி இங்கே வந்த முதல் மாதம் அவளுக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. "ஏங்க, இந்தச் சத்தம் எப்ப நிக்கும்?" என்று புருஷனைக் கேட்டாள். படகோட்டியான அவர், "நின்னாத்தான் பயப்படணும். படு" என்றார்.

படகுத்துறையின் ஓரத்தில் நான்கு கம்பம் நட்டுத் தகரம் போட்ட கொட்டகை அவளுடைய இடம். பின்பக்கம் நீளமான ஒரு பலகை. அதில் இருபத்துநான்கு இரும்புக் கொக்கிகள். ஒவ்வொன்றின் தலையிலும் வெள்ளைப் பெயிண்டில் எண். ஒவ்வொன்றிலும் அதே எண் போட்ட ஆரஞ்சு நிற மிதவை ஜாக்கெட். ரப்பரும் உப்பும் ஊர்பேர் தெரியாதவர்களின் வியர்வையும் கலந்த ஒரு வாடை அந்தக் கொட்டகைக்கு உண்டு. அவள் சேலையிலும் அதே வாடைதான். வீட்டுக்குப் போய்க் குளித்தாலும் போகாது.

கொட்டகையைத் தாண்டினால் கடற்கரை தன்பாட்டுக்குத் திருவிழாவாக இருக்கும். குதிரைச் சவாரி, மோட்டார் படகு இழுத்துப் போகும் பாராசூட், ஏறினவர்களை உருட்டித் தள்ளவென்றே செய்த ரப்பர் மிதவை. நூற்றுச் சொச்சம் படி ஏறிவிட்டு வருகிறவர்கள் கலங்கரை விளக்கத்தைக் கட்டியவனைத் திட்டிக்கொண்டே இறங்குவார்கள். "இந்தக் கடலில் எடுத்தது" என்று பலகை வைத்த சங்குக் கடைக்கு மாதம் ஒருமுறை லாரியில் சங்கு வந்து இறங்கும். அவளுடைய கொழுந்தன் டிக்கெட் கொடுக்கிற ஜன்னலிலிருந்து கத்துவான்: "அண்ணி, கடல் வந்துருச்சு, எறக்கச் சொல்லவா?"

வருகிறவர்களின் கையைத் தூக்கச் சொல்லி, ஜாக்கெட்டை மாட்டி, பல் வைத்த பிளாஸ்டிக் பூட்டைச் சொடுக்கி, கழுத்துப் பட்டையை இரண்டு தரம் இழுத்துப் பார்த்து அனுப்ப வேண்டும். இதுதான் வேலை. தொப்பைக்காரர் யாராவது வந்தால் அவளுக்கு வாய் சும்மா இருக்காது. "மூச்ச உள்ள இழுங்க சார். ஆங், அப்படியே போயிட்டு வந்துருங்க. கரைக்கு வந்து விட்டுக்கலாம்."

போக்கு கால் மணி, பாறையில் ஒரு மணி, வரவு கால் மணி. திரும்பி வந்ததும் ஜாக்கெட்டை வாங்கி அதனதன் கொக்கியில் மாட்டுவாள். ஒரு கொக்கி காலியாக இருந்தால் ஓர் ஆள் வரவில்லை என்று அர்த்தம். படகு அந்த நிமிஷமே திரும்பிப் போகும். அப்படி மூன்று தடவை போயிருக்கிறது. மூன்று தடவையும் பாறைக்குப் பின்னால் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் வெயிலில் வதங்கி, கோபத்தோடு வந்து சேர்ந்தார்கள். எல்லாம் மாட்டி முடிந்ததும் அவள் கையை உயர்த்தி, "நெறஞ்சாச்சு!" என்று குரல் கொடுப்பாள். அதைக் கேட்ட பிறகுதான் அவள் புருஷன் படகைக் கட்டுவார்.

அது அவர் கொண்டுவந்த முறை. பலகையை அறுத்ததும் கொக்கி அடித்ததும் அவர்தான். "படகுல தலைய எண்ணி என்னைக்கு முடியும்? ஒருத்தன் குனிவான், ஒருத்தி எந்திரிப்பா. தலை நகரும், கொக்கி நகராது" என்பார். மற்ற துறைக்காரர்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். குடும்பமாக வருகிறவர்கள் தங்களைத் தாங்களே எண்ணிக்கொள்வார்கள். தனியாக வருகிறவரை எண்ண யார் இருக்கிறார்கள்? தனியாளுக்காகத்தான் இந்தக் கொக்கி என்று அவளுக்கு அதில் ஒரு பெருமை.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் ஒரு தனியாள் வந்தார். அறுபதை ஒட்டிய வயது. கழுத்தில் தொலைநோக்கி. மூக்குக்கண்ணாடியின் ஒரு காலில் நூல் சுற்றியிருந்தது. விடுமுறை நாள், இருபத்துநான்கு இடமும் நிறைந்திருந்தது. வரிசை பின்னால் நின்று நெளிந்தது. பத்தொன்பதாம் ஜாக்கெட்டை அவருக்கு மாட்டிப் பூட்டைச் சொடுக்கும்போது அதன் பல் உடைந்து மணலில் விழுந்தது. அவள் ஸ்டூலுக்கு அடியில் இருந்த பெட்டியிலிருந்து எண் போடாத உபரி ஜாக்கெட் ஒன்றை எடுத்து மாட்டிவிட்டாள். படகு போனது.

பாறையில் காற்று திடீரென்று திரும்பிவிட்டது. படகில் இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள், ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. படகை ஓட்டிப்போன அவள் புருஷன் மூன்று தடவை விசில் ஊதினார். அலை பெருகுவதற்குள் கிளம்பினால் போதும் என்று இருந்தது. பையும் துண்டுமாகப் பரப்பி வைத்திருந்த படகின் இருக்கைகள் நிறைந்தாற்போலத்தான் தெரிந்தன. கரையில் கொக்கி இருக்கிறதே என்று படகைக் கிளப்பிவிட்டார்.

கரையில் அவள் எல்லா ஜாக்கெட்டையும் வாங்கி மாட்டினாள். இருபத்துநான்கு கொக்கியும் நிறைந்திருந்தது. கையை உயர்த்தினாள்.

"நெறஞ்சாச்சு!"

மறுநாள் விடிந்தபோது, தெற்கே மீன் ஏலம் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் அந்தத் தனியாளை அலை கொண்டுவந்து போட்டிருந்தது. ஜாக்கெட் உடம்பிலேயே இருந்தது. மிதக்க வைத்தது, பாறையில் மோதாமல் காப்பாற்ற அதற்குத் தெரியவில்லை. துறையே அங்கே ஓடியது. அவளால் ஓட முடியவில்லை. கொட்டகைக்குப் போய்ப் பலகையின் முன்னால் நின்றாள். அத்தனையும் மாட்டியிருக்க, ஒரு ஆள் எப்படிக் குறைந்தார்? ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். பத்தொன்பதைத் தொட்டபோது பல் இல்லாத பூட்டு கையில் ஆடியது.

உடைந்த ஜாக்கெட்டைப் பெட்டியில் போட்டிருக்க வேண்டும். அவள் கொக்கியில் மாட்டியிருந்தாள். கழற்றினால் கொக்கி, இருபத்திரண்டு வருஷமாகக் கைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அவர் கடலில் இருந்தபோதே அவருடைய கொக்கி நிறைந்துவிட்டது.

விசாரணைக்கு வந்தவர்கள் அவளிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "எல்லாக் கொக்கியும் நிறைஞ்சிருந்ததா?" நிறைந்திருந்தது என்றாள். அது நிஜம்தானே? அந்த ஆள் எண் போட்ட ஜாக்கெட்டைப் படகிலேயே கழற்றிவிட்டு, இருக்கைக்கு அடியில் கிடந்த உபரி ஒன்றை மாட்டியிருப்பார் என்று அவர்களே எழுதிக்கொண்டார்கள். படகோட்டியைக் கேட்டபோது அவர் நீட்டி முழக்கவில்லை. "நான் தலைய எண்ணலங்க. என் தப்பு." உரிமம் போனது. அவளை ஊரே "பாவம், புருஷன் செஞ்சதுக்கு இவ தலைகுனியறா" என்றது. அந்தப் 'பாவம்' அவள்மேல் ஒட்டவில்லை. ஆனால் அதை அவள் உதறவும் இல்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தாள். அப்போது வீடு ஓடியது அவள் வேலை ஒன்றை வைத்துத்தான். நாள் போகப் போக, செய்த தப்பைவிடச் சொல்லாதது பெரிதாகிவிட்டது. அதற்குப் பிறகு அவள் "நெறஞ்சாச்சு" என்று குரல் கொடுப்பதில்லை. கையை மட்டும் தூக்குவாள்.

அவள் புருஷனுக்குத் துறையிலேயே ஒரு வேலை கொடுத்தார்கள். கொட்டகைக்குப் பத்தடி தள்ளி நல்ல தண்ணீர்க் குழாய். குளித்துவிட்டு வருகிறவர்களின் காலில் மண் போகத் தண்ணீர் விட வேண்டும். கடலை ஓட்டினவர் குழாயைத் திருகிக்கொண்டிருந்தார். அதைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். அவர் எண்ணத் தொடங்கிவிட்டார் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. படியேறினால் படியை எண்ணினார். தட்டுகளை அடுக்கினால் தட்டுகளை எண்ணினார். சட்டைப் பித்தானைப் போடும்போதும் உதடு அசைந்தது. குழாயடியில் வருகிற கால்களைப் பாதியாக்கி ஆட்களாக எண்ணினார். ஒருநாள் கொழுந்தன் விளையாட்டாக, "அண்ணே, கடைசியா வந்தவன் ஒத்தக் காலத்தான் கழுவினான், இப்பக் கணக்கு என்ன?" என்று கேட்டான். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சே எடுப்பதில்லை.

உண்மையைச் சொன்னால் அவர் எண்ணுவதை நிறுத்திவிடுவார் என்று அவள் நம்பினாள். அந்த நம்பிக்கையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, சொல்லாமலே நான்கு வருஷம் ஓட்டினாள்.

இந்தத் தடவை சீசன் முடிகிற சமயம். கூட்டமில்லாத ஒரு வார நாள் காலை. பன்னிரண்டு பேர்தான் டிக்கெட் எடுத்திருந்தார்கள். கடைசியாக வந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். தனியாக வந்திருந்தாள். கழுத்தில் தொலைநோக்கி. அக்கா ஏழாம் எண்ணை எடுத்து மாட்டி, பூட்டைச் சொடுக்கி, பட்டையை இழுத்தாள். மற்றவர்கள் துறைப் பாலத்தில் நடந்துவிட்டார்கள். அந்தப் பெண் நகரவில்லை.

"அக்கா, நாலு வருஷம் முன்னாடியும் நீங்கதான் இங்க இருந்தீங்களா?"

"நான்தாம்மா. வேற யாரு வருவா?"

"அப்ப எங்கப்பாவுக்கும் நீங்கதான் மாட்டிவிட்டிருப்பீங்க." தொலைநோக்கியைத் தொட்டுக் காட்டினாள். "இது அவரோடதுதான். பாறைல ஒரு இடுக்குல பத்திரமா வெச்சிருந்தாராம். கண்டெடுத்துக் குடுத்தாங்க."

அக்காவின் கை ஜாக்கெட்டின் பட்டையிலேயே நின்றுவிட்டது. பத்தடி தூரத்தில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"முன்னாடியே வரணும்னு இருந்தேன். அம்மா இருந்த வரைக்கும் விடல" என்றாள் அந்தப் பெண். "நான் யார்கிட்டயும் சண்டை போட வரலக்கா. அவர் படகுல யார்கிட்டயும் பேசலையாம், விசாரிச்சதுல சொன்னாங்க. எப்பவுமே அப்படித்தான், கூச்சம். அப்படின்னா கடைசியா அவர் பேசினது உங்ககிட்டதான். என்ன பேசினார்னு ஞாபகம் இருக்கா? எதுவா இருந்தாலும் சரி. சும்மா 'சரி'ன்னு சொல்லியிருந்தாலும் பரவால்ல."

அவர் பேசியது ஒவ்வொரு சொல்லாக அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் பேசியதெல்லாம் அந்த உடைந்த பல்லைப் பற்றித்தான். அதைச் சொன்னால் எல்லாவற்றையும் சொன்ன மாதிரி.

"தினமும் எத்தனையோ பேரு வர்றாங்கம்மா. எனக்கு எங்க…"

"அதான. யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும்?" அந்தப் பெண் சிரிக்கப் பார்த்தாள். சிரிக்கும்போது கை தானாக மேலே போய் வாயை மூடிக்கொண்டது. அவளுக்குப் பல்லெல்லாம் வரிசையாகத்தான் இருந்தது; மூட வேண்டிய அவசியமே இல்லை. அப்பாவைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் அது.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்கப்பாவும் இப்படித்தான் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாரு. நான் மாட்டும்போது பூட்டுல ஒரு பல்லு ஒடஞ்சு விழுந்துச்சு. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. அவரு குனிஞ்சு மண்ணுல தேடி எடுத்துக் குடுத்தாரு. 'எனக்கே முன்னாடி ஒண்ணு இல்ல, இதுக்கு மட்டும் எல்லாம் இருக்கணுமா? விடுங்க, எங்க ரெண்டு பேருக்கும் ஜோடிப் பொருத்தம்'னாரு. வேற ஒண்ணு எடுத்து மாட்டினேன். 'நல்லா இறுக்குங்க, எனக்குத் தண்ணின்னா பயம்'னாரு. பயந்துக்கிட்டு ஏன் சார் போறீங்கன்னு கேட்டேன். 'பறவை எல்லாம் அங்க போய் உக்காந்துருக்கே, நான் என்ன பண்றது'ன்னாரு. அவ்வளவுதான். போயிட்டாரு."

அந்தப் பெண் சிரித்தாள். இந்தத் தடவை வாயை மூடவில்லை. கண்ணிலிருந்து வழிந்ததை அவள் துடைக்கவும் இல்லை. "ஜோடிப் பொருத்தம்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். அப்பாவின் குரலில் சொல்லிப் பார்க்கிறாள் என்பது தெரிந்தது. பிறகு அவள் பார்வை பலகைக்குப் போனது. விசாரணை அறிக்கையை எத்தனையோ தடவை படித்தவள். சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது.

"பல்லு ஒடஞ்ச ஜாக்கெட்ட என்ன பண்ணீங்க?"

அக்கா பலகையைக் கையால் காட்டினாள். "அதோட கொக்கியிலயே மாட்டிட்டேன். கைப்பழக்கம். பத்தொன்பது. அவரு கடல்ல இருக்கும்போது இங்க நெறஞ்சுதான் இருந்துச்சு. நெறஞ்சாச்சுன்னு கத்தினது நான்தான்."

குழாய் நின்றது.

வாளி பாதிதான் நிறைந்திருந்தது. மடித்துவிட்ட கால்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்ட அவர் வந்து கொட்டகையின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண்ணை ஒரு தடவை பார்த்துக் கைகூப்பினார். அப்புறம் பெண்டாட்டியைப் பார்த்தார்.

"எப்பத் தெரியும்?"

"மறுநாள் காலைலயே."

"நாலு வருஷம்" என்றார். அதையும் எண்ணித்தான் சொன்னார்.

"ஏங்க, உங்க மேல தப்பில்லைங்க. கொக்கி காலியா இருந்திருந்தா நீங்க திரும்பிப் போயிருப்பீங்க. அவரு இருந்திருப்பாரு. எல்லாம் நான்…"

"தலை நகரும், கொக்கி நகராதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவன் யாரு? உன் கொக்கி பொய் சொல்லுச்சு, சரி. என் கண்ணு எங்க போச்சு? பாறைல ஒரு தடவ திரும்பிப் பாத்திருந்தாப் போதும்." குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "நீ ஏன் சொல்லலன்னு கேக்க மாட்டேன். சோறு போட்டுக்கிட்டே பக்கத்துல உக்காந்து, நான் எண்ணுறதப் பாத்துக்கிட்டே இருந்தியே. அதத்தான்…"

நான்கு வருஷம் சுமந்ததை அவள் இறக்கிவைத்துவிட்டாள். அவர் தலையில் இருந்தது அங்கேயேதான் இருந்தது.

துறைப் பாலத்தில் புதுப் படகோட்டி விசில் ஊதினான். ஜன்னலிலிருந்து கொழுந்தன், "அண்ணி, ஓராளு பாக்கி! அனுப்புங்க!" என்றான். யாரும் பதில் சொல்லாததால் எட்டிப் பார்த்தான். மூன்று பேர் நிற்கிற நிலையைப் பார்த்துத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"எனக்குக் கோவம் வரலன்னு நெனச்சுடாதீங்க" என்றாள் அந்தப் பெண். "வரும். வீட்டுக்குப் போனதும் வரும். இத எழுதிக் கொடுக்கணும்னும் தோணும், கொடுப்பேன். ஆனா அப்பா சொன்னத நீங்க மறைச்சிருக்கலாம். மறைக்கல." ஜாக்கெட்டின் பட்டையை அவளே ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டாள். "நான் அங்க தனியாப் போய் நிக்க முடியாது. வந்தப்ப முடியும்னு நெனச்சேன். நீங்க வாங்க என்கூட."

"எனக்குத் தண்ணின்னா பயம்மா."

"அவருக்கும்தான்."

அக்கா எழுந்தாள். பலகையை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று அந்த நிலையிலும் ஒரு யோசனை வந்தது. திரும்பினாள். அவர் ஏற்கெனவே பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பத்தொன்பதாம் கொக்கியிலிருந்த ஜாக்கெட்டை எடுத்தார். அது புதிது, பழையதை விசாரணைக்காரர்கள் பார்க்கும் முன்பே அவள் அறுத்து எரித்துவிட்டாள். அவர் அதை அவளுக்கு மாட்டிவிட்டார். சொடுக்கினார். பட்டையை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். அந்த விரல்கள் நான்கு வருஷத்தில் குழாய்த் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்ததை அவள் அப்போதுதான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

படகு கிளம்பியதும் அக்கா இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தோள்கள் உரசின. பாறையில் இறங்கி, அந்த இடுக்கின் முன்னால் இருவரும் வெகுநேரம் நின்றார்கள். பறவைகள் தங்கள் பாட்டுக்கு எச்சமிட்டுக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் இருந்தன. "அந்தக் காத்துல விசில் சத்தம் கேட்டிருக்காது. அவருக்கு இடது காது கேக்காது" என்றாள் அந்தப் பெண். "அம்மாவும் நானும் கூட வந்திருக்கணும். அன்னைக்கு எனக்குச் சோம்பலா இருந்துச்சு." இதை யாரிடமும் இதுவரை சொன்னதில்லை என்பது போல, சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்கா தன் சேலைத் தலைப்பை நீட்டினாள். அந்தப் பெண் அதை வாங்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

திரும்புகிற வழியில்தான் அவள் தன் கொட்டகையைக் கடலிலிருந்து முதல் தடவையாகப் பார்த்தாள். தீப்பெட்டி அளவுதான் இருந்தது. உள்ளே வரிசையாக ஆரஞ்சுப் புள்ளிகள், நடுநடுவே இடைவெளிகள். அவற்றுக்கு முன்னால் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் உருவம் அசையாமல் நின்றது.

கரையில் ஒவ்வொருவராகக் கழற்றிக் கொடுத்தார்கள். அவர் வாங்கி எண்ணைப் பார்த்து மாட்டினார். ஏழாம் எண்ணை அந்தப் பெண்ணே தன் கையால் மாட்டினாள். இருவரிடமும் தலையை மட்டும் அசைத்துவிட்டு, மணலில் இறங்கித் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். கடைசியாகப் பத்தொன்பது. கொக்கி அக்கா கழற்றி நீட்டினாள். அவர் அதை வாங்கிப் பூட்டின் பற்களை விரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு மாட்டினார்.

இருபத்துநான்கும் நிறைந்திருந்தன. துறையில் படகோட்டி கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் கை உயரும் என்று காத்திருந்தான்.

அவள் கையைத் தூக்கவில்லை. அவர் உதடு அசைய, ஒன்றிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கியிருந்தார்.